பெருமாளுக்கு முன்னும் பின்னும்

சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்பதையெல்லாம் கல்லூரியில் படித்துவிட்டீர்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற என்னைவிட உங்களுக்குத்தான் புது விஷயங்கள் தெரியும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். எது கூடாது என்பது நோயாளிக்கும் தெரியும். தெரிந்துதான் சாப்பிடுகிறார். நம் வேலை அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலை சூப்பர்வைசர் சட்டைப் பையில் கடலை மிட்டாய் வைத்துக்கொண்டே என்னைப் பார்க்க வருவார். ஏன் என்று கேட்டேன். "என் மனசை நானே சோதிச்சுப் பார்க்கிறேன் மேடம். பையில இருந்தும் தொடாம இருந்தாத்தானே கன்ட்ரோல்?" என்றார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் சற்று நேரம் நின்றால் போதும், சோதனை முடிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் மிட்டாய் பாஸ், அவர் ஃபெயில். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பவரை நான் நேரில் பார்த்தது அப்போதுதான். அவரிடம் மிட்டாயை விடச் சொல்லவில்லை, பையில்லாத சட்டை தைத்துக்கொள்ளச் சொன்னேன். சிரித்தார். தைத்துக்கொண்டாரா என்று தெரியாது.

எங்கள் கிளினிக் டாக்டருக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. நல்ல டாக்டர், கைராசிக்காரர் என்று ஜீயபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். வாய்தான் கொஞ்சம் நீளம். சுகர் இறங்காத எல்லோரைப் பற்றியும் அவருக்கு ஒரே தீர்ப்பு: "இந்த ஆளுக்கு மன உறுதி இல்லை." தீர்ப்புச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி. அந்த வசதி நமக்கு இல்லை என்பதைச் சொல்லத்தான் வரதன் சார் கதையைச் சொல்கிறேன்.

வரதன் சார் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் பெருமாள் கோயிலின் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். சமையல் என்று சொன்னால் திருத்துவார். அவர்கள் வழக்கில் அது தளிகைதான். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். நெற்றியில் திருமண், வாயில் எப்போதும் ஒரு முணுமுணுப்பு. அவர் எங்களிடம் வந்தபோது இடது கண் ஏற்கெனவே மங்கிவிட்டது. வலது கண்ணின் உள்ளே ரத்தக் கசிவு. கண் மருத்துவர் லேசர் செய்துவிட்டு, சர்க்கரையை இறக்கச் சொல்லி எங்களிடம் அனுப்பியிருந்தார்.

"லேசர் போட்டாச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. சுகர் இறங்கலேன்னா இந்தக் கண்ணும் போயிடும்" என்றார் டாக்டர்.

"கண்ணு போயிட்டா பெருமாளை எப்படி சேவிக்கறது?" என்று கேட்டார் வரதன் சார். புலம்பலாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வரதன் சாரின் மனைவியைப் பார்த்தேன். வேதவல்லி மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உணவு விவரம் கேட்டால் குறை சொல்ல இடமில்லை. காப்பியில் சர்க்கரை கிடையாது. வீட்டில் இனிப்பு செய்வதே இல்லை. இரவில் இரண்டு சப்பாத்தி, கீரை. மாத்திரையும் தவறுவதில்லை. "ஆத்துல ஒரு தப்பும் பண்றதில்லை மேடம். நான் பார்த்துண்டுதானே இருக்கேன்" என்றார் மாமி. பொய் சொல்கிற முகம் இல்லை அவருக்கு. ஆனால் மூன்று மாத சர்க்கரை அளவு வேறு கதை சொன்னது.

இந்த இடத்தில் நம்மில் பாதிப் பேர் கோபப்படுவோம். கோபப்படாமல், காலையிலிருந்து என்னவெல்லாம் செய்வீர்கள் என்று கேளுங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், நாளைப் பற்றிக் கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்டேன். விடிவதற்கு முன்னால் குளியல், மடி உடுத்தி மடப்பள்ளிக்குள் போவது, அடுப்பு மூட்டுவது, வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல் என்று சொல்லிக்கொண்டே போனார். வெல்லப் பாகும் நெய்யும் கொதிப்பதைச் சொல்லும்போது கையாலேயே கிளறிக் காட்டினார்.

"சரியா வந்திருக்கான்னு வாயில போட்டுப் பார்ப்பீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் கை அப்படியே நின்றது. "பெருமாளுக்கு முன்னாடியா?" என்றார். "மோந்துகூடப் பார்க்கப்படாதும்மா. மூக்கையும் வாயையும் துணியால கட்டிண்டுதான் பண்ணுவேன்."

"ஆசையா இருக்காதா?"

"அது அவரோடதாச்சே. எனக்கு எப்படி ஆசை வரும்?"

"அப்புறம்?"

"அப்புறம் பிரசாதம்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. பெருமாள் அமுது செய்த பிறகு அவரே மண்டபத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் கொடுப்பார். கொடுக்கும்போதே அவரும் எடுத்துக்கொள்வார். எவ்வளவு என்று கேட்டேன். தொன்னையில்தான் என்றார். எத்தனை தொன்னை என்றால், யார் எண்ணினார்கள் என்றார். இதை அவர் ஒளிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டதும் சொல்லிவிட்டார். அதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கும் அது உணவுக் கணக்கில் சேரும் என்று தோன்றவில்லை. மாமியும் வீட்டுக்குள் நடப்பதைத்தான் காவல் காத்திருக்கிறார். கோயிலில் நடப்பது பெருமாள் பொறுப்பு.

"பிரசாதம் எப்படிம்மா ஒடம்புக்குக் கெடுதல் பண்ணும்?" என்று கேட்டார்.

நான் பதிலை மெல்ல யோசித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் முந்திக்கொண்டார். "சர்க்கரைப் பொங்கல் எங்க பண்ணினாலும் சர்க்கரைப் பொங்கல்தான் சார். உங்க ரத்தத்துக்குக் கோயில் வீடுன்னு வித்தியாசம் தெரியாது."

சரியான பேச்சுதான். ஒரு வார்த்தை தப்பில்லை. வரதன் சார் எழுந்து, கை கூப்பிவிட்டு, மாமியைக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அடுத்த தேதிக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மாமியிடம் போனில் கேட்டால், "வரமாட்டேங்கறார் மேடம். பிரசாதத்தைப் பழிச்சவா மூஞ்சில முழிக்க மாட்டேங்கறார்" என்றார். வலது கண்ணில் கறுப்புக் கறுப்பாகப் பூச்சி பறக்கிற மாதிரி தெரிகிறதாம்.

அப்போது என் முன்னால் இருந்த வழிகளைச் சொல்கிறேன், உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். மாமியைக் கோயிலுக்கு அனுப்பிக் கண்காணிக்கச் சொல்லலாம். பல வீடுகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். மனைவி போலீஸ் ஆனால் கணவன் திருடன் ஆகிறான். சுகர் அப்படியே இருக்கும், இருவருக்கும் பேச்சு நின்றுபோகும். கண் போனால் என்ன ஆகும் என்று இன்னும் பயமுறுத்தலாம். அவர் ஏற்கெனவே பயந்துதான் இருந்தார். பயந்தவர்கள் ஆறுதலுக்கு எதைத் தேடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அல்லது, வராதவர் வரவில்லை என்று விட்டுவிடலாம். விட்டால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. எனக்குத்தான் அந்தப் பூச்சி விஷயம் காதிலேயே இருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். நான் மேலப்புதூர் மாதா கோயிலுக்குப் போகிறவள். அதனால் உள்ளே போகாமல் வெளிப் பிரகாரத்தில், சந்நிதியும் மண்டபமும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் வரதன் சார் வந்தார். மூக்கையும் வாயையும் மறைத்துத் துணி; இரண்டு கையிலும் மூடிய பாத்திரம். அதிலிருந்து வந்த நெய் மணத்தில் எனக்கே நாக்கு ஊறியது. அவர் நடையில் எந்தச் சலனமும் இல்லை. எங்கள் வீட்டில் யாராவது பேங்க் லாக்கர் சாவியைக் கொண்டு போனால் எப்படி நடப்பார்களோ அப்படி நடந்தார். நைவேத்தியத்துக்காகச் சந்நிதியில் திரை போட்டார்கள். மணி அடித்தது. திரை விலகியது.

பிறகு அதே பாத்திரம் மண்டபத்துக்கு வந்தது. அதே மனிதர் வேறு மனிதராக இருந்தார். வந்தவர்களுக்கு ஒரு கரண்டி, பக்கத்தில் இருந்த தன் தொன்னையில் ஒரு கரண்டி. ஆள் வராத நேரத்தில் தொன்னை காலியாகும், நிரம்பும். அவர் ருசித்துச் சாப்பிடவில்லை. யாரோ பிடுங்கிக்கொள்ள வருகிற மாதிரி சாப்பிட்டார். எனக்குப் பார்க்கக் கூசியது. ஒருவர் தனியாக இருக்கும்போது பார்த்துவிட்ட கூச்சம். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு கை கழுவிக்கொண்டு வந்தார். "வாங்கோ" என்றார். பிரசாதம் கெடுதல் செய்யுமா செய்யாதா என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. அந்த விவாதத்தில் நான் ஜெயித்தால் அவர் தோற்க வேண்டும். தோற்றவர் மறுபடி வரமாட்டார். கேள்வி மட்டும் கேட்டேன்.

"எவ்வளவு எடுத்துக்கிட்டா பிரசாதம் எடுத்துக்கிட்டதா அர்த்தம் சார்?"

"ஒரு பருக்கை போறும்" என்றார் உடனே. பிறகு குரல் இறங்கியது. "வர்றவாளுக்கெல்லாம் நான்தான் அதைச் சொல்றேன், பருக்கை போறும்னு. எனக்குத் தொன்னை பத்தலை. டாக்டர் சொன்னதுல கோபமில்லைம்மா எனக்கு. பக்தின்னு பேர் வெச்சுண்டு நாக்குக்குப் போட்டுண்டிருக்கேன். அது டாக்டருக்குத் தெரிஞ்சுடுத்தேன்னுதான் ஓடி வந்துட்டேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவரிடம் மிகுந்த மரியாதை வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது பாலத்தின் மேல் நெரிசல். காவிரியில் மணல்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரரைப் பற்றி நினைத்தேன். சாதாரண நாளில் அவருக்கு மட்டன் இல்லாத ஞாயிறு ஞாயிறே இல்லை. டாக்டர் குறைக்கச் சொல்லியும் குறைக்கவில்லை. அதே மனிதர் தவக்காலம் முழுக்க ஒரு துண்டு தொடமாட்டார். கஷ்டமாக இருக்கிறதா என்று ஒரு வருடம் கேட்டதற்கு, "இதுல என்ன கஷ்டம், தவக்காலம்ல?" என்றார். அவர் அந்த நாட்களில் ஆசையை அடக்கவில்லை. சாப்பிடலாமா வேண்டாமா என்ற கேள்வியே அவரிடம் வரவில்லை. வரதன் சாரும் அப்படித்தான். திரை விலகும்வரை அவருக்கு உறுதி தேவைப்படவில்லை. விலகிய பிறகு ஒவ்வொரு கரண்டிக்கும் கேள்வி வருகிறது, ஒவ்வொரு கேள்விக்கும் அவர் தோற்கிறார். நாள் முழுக்கக் கேள்வி கேட்டால் யார்தான் தோற்கமாட்டார்கள்? அவர் நாக்கை என்னால் மாற்ற முடியாது. அந்தத் திரையைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று யோசித்தேன்.

அடுத்த வாரம் மாமியையும் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டில் கேட்டேன். "பெருமாளுக்கு அப்புறம், உங்களுக்கு முன்னாடி சாப்பிட வேண்டியவங்க யாராவது இருக்காங்களா சார்?"

"பாகவதாள் இருக்காளே" என்றார். "அடியார்களெல்லாம் எடுத்துண்டு மிச்சம் இருக்கறதுதான் நமக்கு. அதுக்குத்தான் ஏத்தம் ஜாஸ்தி. நான்தான் கூடவே எடுத்துண்டுடறேன்."

"அப்ப கடைசி ஆள் வாங்கற வரைக்கும் அது உங்களுது இல்லைதானே?"

மாமிதான் முந்திக்கொண்டு சொன்னார்: "இல்லை. இவரோடது இல்லவே இல்லை."

அவ்வளவுதான் ஏற்பாடு. தனித் தொன்னை கிடையாது. கடைசி அடியார் வாங்கும்வரை பாத்திரத்தில் இருப்பது அவர்களுடையது. பிறகு ஒரு பருக்கை, கண்ணில் ஒற்றிக்கொண்டு. நான் எந்த உணவுப் பட்டியலும் கொடுக்கவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சின்னக் கோயில், வார நாளில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நடை சாத்தும் நேரத்தில் பாதிப் பாத்திரம் அப்படியே இருக்கும். ஒரு மழை நாளில் ஆளே வரவில்லை. மாமி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வரதன் சார் பாத்திரத்தோடு தனியாக உட்கார்ந்திருந்து, பழையபடி ஆகிவிட்டது. மறுநாள் அவரே வந்து என்னிடம் சொன்னார். திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார். நான் திட்டாமல், "நேத்து என்ன வித்தியாசம்?" என்று மட்டும் கேட்டேன். "வாங்கிக்க யாருமில்லை" என்றார். அப்படியானால் குறை அவரிடம் இல்லை, ஆள் இல்லாததில். ஆளைத் தேட வேண்டியதுதான்.

தேடியது மாமி. நடை சாத்துவதற்கு முன்பே மிச்சத்தைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போக ஆரம்பித்தார். வரதன் சாருக்கு முதலில் தயக்கம். அவர்களெல்லாம் பெருமாளைச் சேவிக்க வந்தவர்களா என்றார்.

"பசியோட நிக்கறவாளைப் பெருமாள் நீ யாருன்னு கேட்டாரா? நீங்க எதுக்குக் கேக்கறேள்?" என்றாராம் மாமி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சில நாட்களில் டிரைவர்களே வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். "மாமி, இன்னிக்கு சாமிக்கு லேட்டா?" என்று குரல் கொடுப்பார்கள். மழையோ வெயிலோ பாத்திரம் காலியானது.

மாதங்கள் போயின. சர்க்கரை மெல்ல இறங்கியது. கண்ணில் பறந்த பூச்சிகள் குறைந்தன. ஒருநாள் கண் மருத்துவரின் அறிக்கையோடு இருவரும் வந்தார்கள். கசிவு நின்றுவிட்டது, வலது கண் பார்வை தப்பிவிட்டது என்று எழுதியிருந்தது. மாமி அழுதார். எங்கள் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வரதன் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்குப் பேசியதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று அவருக்கும் இருந்திருக்கும். மனிதர் உள்ளுக்குள் நல்லவர்.

"என்ன மன உறுதி சார் உங்களுக்கு. நான் தப்பா நினைச்சுட்டேன்" என்றார். "இனிமே இவ்வளவு கட்டுப்பாடு வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தொன்னை சாப்பிட்டுக்கங்க. நானே சொல்றேன்."

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். வரதன் சார் மட்டும் சிரிக்கவில்லை. கண் போகும் என்று கேட்ட அன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு கலவரம் இல்லை.

"டாக்டர், அந்த ஒரு தொன்னையைத் திரும்ப எடுத்துண்டுடுங்கோ" என்றார்.

"எதை?"

"இப்போ சொன்னேளே, அதை. உங்க வாயால வேண்டாம்னு சொல்லிடுங்கோ. நீங்க ஞாயித்துக்கிழமைன்னுட்டேள்னா, சனிக்கிழமையே நான் நாளைக்கு எத்தனை தொன்னைன்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவேன். திங்கக்கிழமை, நேத்திக்குச் சின்னத் தொன்னைதானேம்பேன். எனக்கு உறுதியெல்லாம் கிடையாது டாக்டர். மறுபடி கணக்குப் போட விட்டுடாதீங்கோ."

டாக்டர் வாழ்நாளில் தான் போட்ட உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர் இல்லை. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "கூடாது சார். ஞாயித்துக்கிழமையும் கூடாது" என்றார்.

வரதன் சார் பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்துவிட்டது. சாயரட்சைத் தளிகைக்கு நேரமாகிவிட்டது என்று மாமியை அவசரப்படுத்திக்கொண்டு கிளம்பினார்.